உயரவாரியாக ஒரு அட்டவணை

சனிக்கிழமை கிரிக்கெட் மேட்ச் முடிந்து சாட்ஸ்வொர்த்திலிருந்து திரும்பும்போது மருமகன் காரில் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னான்: "மாமா, நான் குட்டையாம். வேகப்பந்து வேண்டாம், ஸ்பின் போடு என்கிறார்கள்." வயது 15. தங்கச்சி வீட்டில் எல்லோருக்குமே அந்த உயரம்தான், பையன் மட்டும் எங்கே போவான்?

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஸ்கோர் புக் எழுதிப் பழகிய கை, அட்டவணை போட வரும். எனக்குப் பைத்தியம் பிடித்த பழைய அமெரிக்க பேஸ்பால் பிட்சர்களை, அதாவது பந்து வீசுகிறவர்களை, உயரவாரியாக எழுதி அவன் முன்னால் வைத்தேன்.

முதல் பெயர் பாபி மேத்யூஸ். 5 அடி 5 அங்குலம், எடை 63 கிலோ சுமார். 1871 மே 4, அமெரிக்காவின் முதல் தொழில்முறை லீகின் முதல் ஆட்டம். 19 வயதுப் பையன் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 2-0 என்று ஜெயித்துக் கொடுத்தான். கடைசியில் அவன் கணக்கில் 297 வெற்றி.

மருமகன் முகம் தெளிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஸ்கோரர் புத்தி விடுமா? அன்றைக்குப் பிட்சருக்கும் அடிப்பவருக்கும் இடையே 45 அடிதான், கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும் என்றும் சொல்லித் தொலைத்தேன். 1881இல் 50 அடி ஆனது. இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. நம் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. 1886 வரை அடிப்பவர் "மேலே போடு", "கீழே போடு" என்று கேட்டு வாங்கலாம், கடையில் தோசை கேட்கிற மாதிரி.

"கையைத் தாழ்த்திப் போட்டால் உயரம் எதற்கு மாமா?" என்றான். பிடித்துவிட்டான்.

சரி என்று சார்லஸ் ராட்போர்னுக்குத் தாவினேன். 5 அடி 9 அங்குலம், பிராவிடன்ஸ் அணி. தோளுக்கு மேலே கையைத் தூக்கி வீசலாம் என்று அவர் அணி ஆடிய நேஷனல் லீக் விட்டுக்கொடுத்த 1884ஆம் வருஷம் அது. ஜூலையில் அணியின் இன்னொரு பிட்சர் கோபித்துக்கொண்டு போய்விட, பாரம் முழுக்க இவர் தோளில். அந்த ஒரு சீசனில் 73 ஆட்டங்களைத் தொடங்கி, 73-யும் தானே முடித்தார். 678 இன்னிங்ஸ்; பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ். இந்தக் காலத்தில் ஒருவர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் தொட்டாலே பெரிய விஷயம். வெற்றி 59 என்று சிலர், 60 என்று சிலர். ஒரே ஒரு ஆட்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்று இன்னும் சண்டை. எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும்.

காலையில் கை மேலே எழும்பாதாம், தலைகூடச் சீவ முடியாதாம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதையும் சொன்னேன்.

மருமகன் அட்டவணையை விட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

"அப்புறம் யார் மாமா சீவி விட்டது?"