அப்பாவின் நெகட்டிவ்களுக்காக விண்டோஸ் 11இலிருந்து 10க்குத் திரும்பினேன்

அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. எல்லாம் 35 மி.மீ. ஃபிலிம். ஒன்று விடாமல் ஸ்கேன் செய்து குடும்பத்தில் எல்லோருக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்காக வைத்திருக்கும் ஃபிலிம் ஸ்கேனர் மிகப் பழையது. அதைத் தயாரித்த நிறுவனம் புது டிரைவர், அதாவது ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், வெளியிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் விண்டோஸ் 10இல் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை 11க்கு மாற்றியபோது ஸ்கேனரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வேறு வேலைகளில் மூன்று வாரம் போய்விட்டது. அப்புறம் ஒரு நாள் ஃபிலிமை எடுத்து மாட்டினேன். ஸ்கேனரின் விளக்கு எரிந்தது, மென்பொருளும் திறந்தது, பாதிப் படத்தில் அப்படியே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே இடம்தான்.

பழைய விண்டோஸுக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும் என்று முதலில் மற்றவற்றைச் செய்து பார்த்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று உண்டு. பழைய டிரைவர்கள் பலவற்றை அது தடுத்துவிடும். அதை அணைத்துப் பார்த்தும் பலன் இல்லை. வேறொரு ஸ்கேன் மென்பொருளில் படம் முழுசாக வந்தது. ஆனால் அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும் வசதி அதில் என் ஸ்கேனருக்குக் கிடைக்கவில்லை. பல வருடம் பெட்டியில் கிடந்த வண்ண ஃபிலிமுக்கு அந்த வசதிதான் உயிர். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் 10 போட்டுப் பார்த்தேன், நடுவில் யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோனது. சரி, திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ‘கோ பேக்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினாலே பழைய பதிப்பு உங்கள் கோப்புகளோடு திரும்பி வந்துவிடும். ஆனால் அது 10 நாளுக்குத்தான். அதன்பின் பழைய விண்டோஸைச் சேமித்து வைத்திருக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டரைக் கணினியே அழித்துவிடுகிறது. எனக்கு மூன்று வாரம் கடந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டிருந்தது. இந்த 10 நாளை ஒரு கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டிக்க முடியும் என்பதையும் அப்போதுதான் படித்தேன். அதையும் கெடு முடிவதற்குள் செய்திருக்க வேண்டும். பழைய பிரிண்டரோ ஸ்கேனரோ வைத்திருப்பவர்கள் 11 போட்ட அன்றைக்கே அதைச் செருகி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆக, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் மிச்சம். தயார் செய்யவே இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, அதிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பிரவுசரின் பாஸ்வேர்டுகள், எழுத்துருக்கள், ஸ்கேன் மென்பொருளில் நான் சேமித்த வண்ண அமைப்புகள் ஆகியவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். வண்ண அமைப்புகள் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் இல்லை. மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நாம் எதுவும் செய்யாமலே பல லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தத் தாள் எவ்வளவு பெரிய காரியம் என்பது சீக்கிரமே தெரிந்தது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புகளில், ஒன்றை மாற்றிவிட்டுக் கணினியைத் தொடங்கினால், நீல நிறத் திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்டது. அந்த எண் எங்கிருந்தும் கிடைக்காவிட்டால் பேக்கப் எடுக்காமல் விட்ட எதையும் அதன்பிறகு எட்டியிருக்க முடியாது.

மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10 இன்ஸ்டாலரை ஏற்றினேன். 22எச்2, அதாவது 10இன் கடைசிப் பதிப்பு. பென் டிரைவிலிருந்து தொடங்கி, மொழி, விசைப்பலகை எல்லாம் தேர்ந்தெடுத்து, எங்கே இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று கேட்கும் திரைக்கு வந்தால், பட்டியல் காலியாக இருந்தது. டிஸ்க்கே இல்லை என்கிறது.

நெஞ்சு ஒரு நிமிடம் படபடத்துவிட்டது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, காரணம் வேறு. இன்டெலின் 11ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. எஸ்எஸ்டி, அதாவது லேப்டாப்பின் டிஸ்க், அதன் வழியாகத்தான் கணினியோடு பேசும். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10இன் இன்ஸ்டாலருக்குள் கிடையாது. பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது ஒரு வழி, ஆனால் சில லேப்டாப்களில் அந்த அமைப்பே கண்ணில் படாது. நான் டிரைவரைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

இன்னும் எதையும் அழிக்கவில்லை என்பதால் இன்ஸ்டாலரை மூடிவிட்டு 11க்குள்ளேயே திரும்பப் போனேன். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் என் மாடலுக்கு, விண்டோஸ் 10 என்று தேர்ந்தெடுத்து, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கினேன். அது ஓட்டினால் இன்ஸ்டால் ஆகும் ஒரே கோப்பாக வரும். இன்ஸ்டாலருக்கு அந்த வடிவம் பயன்படாது. செவன் ஜிப்பை வைத்து அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டேன். கூடவே வைஃபை டிரைவரையும் போட்டேன். (விண்டோஸ் 10க்கான டிரைவர்களே அந்தத் தளத்தில் இல்லாத புது மாடலாக இருந்தால், இந்த முயற்சியில் இறங்காமல் இருப்பதே மேல்.) மறுபடி இன்ஸ்டாலர், அதே காலிப் பட்டியல். ‘லோட் டிரைவர்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினேன். சில வினாடிகளில் என் டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள், வரிசையாக வந்து நின்றபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

பார்ட்டிஷன்களை அழிப்பதற்கு முன் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டேன். எந்த டிஸ்க் எது என்ற குழப்பம் அந்த இடத்தில் வரவே கூடாது. 512 ஜிபி டிஸ்க் அங்கே 476 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்து, ஒரே காலி இடமாக ஆக்கி ‘நெக்ஸ்ட்’ கொடுத்தேன். தேவையான பிரிவுகளை விண்டோஸே உண்டாக்கிக்கொண்டது. லேப்டாப் நிறுவனம் வைத்திருந்த மீட்புப் பார்ட்டிஷனும் இதில் போய்விடும், அது தெரிந்தே செய்தேன்.

புராடக்ட் கீ கேட்டபோது என்னிடம் இல்லை என்று கொடுத்து, முன்பு இருந்த அதே ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் 10இல் ஓடிய கணினி என்பதால் உரிமம் கணினியோடு சேர்ந்தே பதிவாகியிருந்தது. இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

அந்த இணையம் கிடைப்பதற்கும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. இறக்கி வைத்திருந்த வைஃபை டிரைவர் வேறு சிப்புக்கானது, தளத்தில் ஒரே மாடலுக்கு இரண்டு இருந்ததில் தவறானதை எடுத்திருக்கிறேன். டிவைஸ் மேனேஜர் முழுக்க மஞ்சள் ஆச்சரியக்குறிகள். கடைசியில் ஃபோனைக் கேபிளில் செருகி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போட்டேன். அதற்குத் தனி டிரைவர் தேவைப்படவில்லை. விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டதும் வைஃபை, டச்பேட், ஒலி, கிராஃபிக்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மறுபடி 11க்கு மாறச் சொல்லி அழைப்பு வந்தபோது, இப்போதைக்கு 10இலேயே இருக்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

பாதுகாப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும், சேர்ந்துகொண்டேன். அப்படியும் இந்த லேப்டாப்பில் இப்போது வங்கி வேலை, மெயில் எதுவும் செய்வதில்லை. ஸ்கேன் செய்யும்போது வைஃபையை அணைத்துவிடுகிறேன். படங்கள் வெளி ஹார்ட் டிஸ்க் வழியாகத்தான் வேறு கணினிக்குப் போகின்றன.

எல்லாம் முடிந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. காலை வரை பொறுக்க மனம் வரவில்லை. ஸ்கேனர் டிரைவரைப் போட்டு, முன்பு பாதியில் நின்ற அதே ஃபிலிமை மாட்டினேன். பாதியைத் தாண்டியது. முக்கால் வந்தது. முழுப் படமும் திரையில் வந்தபோது அதில் அம்மா, ஒரு மரத்தடியில், வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். தூசி எதுவும் இல்லை. அன்றிரவே அந்தச் சுருளில் மீதி இருந்ததையும் முடித்துவிட்டுத்தான் படுத்தேன். இன்னும் முப்பத்தெட்டு சுருள்கள் இருக்கின்றன.