ஈவென்ட் லூப்பை மறிக்காதீர்கள்

கிளிநொச்சியில் இருந்து வேலை செய்யும் எங்கள் சின்ன அணிக்கு நெல்லோடு சம்பந்தப்பட்ட வேலைகள்தான் அதிகம் வரும். தை, மாசியில் பெரும்போக அறுவடை சூடுபிடித்தால் ஆலைக்காரர், வியாபாரி, விவசாயி எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறப்பார்கள். உள்ளூரில் பலருக்கு இணைப்பு மெதுவானது, ஒரு பக்கம் இறங்கி முடியுமட்டும் சர்வர் அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இணைப்பு நிறைய, ஒவ்வொன்றிலும் வேலை கொஞ்சம் என்கிற இந்த மாதிரி இடத்துக்கு ஈவென்ட் லூப் சர்வர், அதாவது ஒரு இணைப்பு காத்திருக்கும்போது அடுத்ததைக் கவனித்துச் சுற்றிவரும் சர்வர், மிகப் பொருத்தம்.

ஆனால் எல்லாம் ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே வேலை வரிசையில், ஓடுகிறது. ஆலையில் ஒரே தராசு இருந்து, நிறுக்கிறவர் நடுவில் போன் பேசப் போனால் பின்னால் நிற்கும் அத்தனை ட்ரக்டரும் நிற்கும், அதேதான்.

நாங்கள் பொறுப்பெடுத்த ஒரு பைதான் சர்வரில் விற்பனை பதிவானதும் விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும். எல்லா ஃபங்ஷனுக்கும் முன்னால் 'அசிங்க்' (async, காத்திருக்கும்போது லூப்புக்கு வழிவிடலாம் என்கிற குறி) என்று எழுதியிருந்தது, உள்ளே எஸ்எம்எஸ் அனுப்புவதோ இணையக் கோரிக்கை அனுப்பும் சாதாரண ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. அந்த ஒரு சொல்லைப் போட்டதால் உள்ளே இருக்கும் அழைப்பு மாறிவிடாது, பதில் வரும்வரை த்ரெட் அங்கேயே நிற்கும். அதைவிட, நாமாக டைம்அவுட் கொடுக்காவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் தானாக ஒரு எல்லையும் வைக்காது. எஸ்எம்எஸ் கேட்வே (எஸ்எம்எஸ்ஸை அனுப்பித்தரும் வெளிச் சேவை) திணறிய நேரமெல்லாம் விலை பார்க்க மட்டும் வந்தவருக்கும் பக்கம் திறக்கவில்லை.

இங்கே இப்படி ஏதும் நடந்தால் முதல் பழி சிக்னலுக்குத்தான். ஒரு வியாபாரி போன் எடுத்துச் சொன்னார்: "தம்பி, இங்க நாலு கோடும் இருக்கு, உங்கட சைட்தான் சுத்திக்கொண்டிருக்கு." பார்த்தால் சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது. சிபியு ஓய்வாக இருக்க எல்லாக் கோரிக்கையும் ஒன்றாகத் தாமதிக்கிறது என்றால் நான் முதலில் தேடுவது பிளாக்கிங் அழைப்பை, அதாவது லூப்பை மறித்து நிற்கும் அழைப்பைத்தான்.

தேடுவது கடினமில்லை. பைதானின் ஈவென்ட் லூப் லைப்ரரியான அசிங்க்ஐஓவின் (asyncio) டீபக் (பிழை தேடும்) முறையை இயக்கினால் 100 மில்லிசெக்கனுக்கு மேல் லூப்பைப் பிடித்துவைத்ததை லாக்கில் காட்டும். மாட்டியது எஸ்எம்எஸ் மட்டுமல்ல, மறுமுயற்சிக்கு முன் போட்ட, த்ரெட்டையே நிறுத்திவைக்கும் டைம்.ஸ்லீப்பும் கூட. அதை லூப்புக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் அசிங்க்ஐஓ.ஸ்லீப் ஆக்கி, முன்னால் அவெய்ட் (await) சேர்த்தோம். எஸ்எம்எஸ் அழைப்பை லூப்பை மறிக்காத ஏஐஓஎச்டிடிபி (aiohttp) லைப்ரரிக்கு மாற்றி, டைம்அவுட்டும் வைத்தோம். மாற்ற முடியாத பழைய லைப்ரரி என்றால் பைதான் 3.9 முதல் இருக்கும் டு_த்ரெட் (asyncio.to_thread) வழியாக வேறு த்ரெட்டுக்குத் தள்ளலாம்.

மாத அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கும் வேலைக்கு அது போதவில்லை. அது காத்திருப்பு இல்லை, பைதானிலேயே எழுதிய சுத்தமான கணக்கு வேலை. வழமையான பைதானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைதான் கோடை ஓடவிடும் ஒரே ஜிஐஎல் (GIL) பூட்டுக்காக த்ரெட்கள் போட்டியிடும், லூப் மறுபடி இழுபடும். அதைத் தனக்கென்று வேறு பூட்டு வைத்திருக்கும் தனி ப்ராசஸுக்கு அனுப்பினோம்.

இப்போது எங்கள் டெஸ்டில் வேண்டுமென்றே பல செக்கன் கழித்துப் பதில் தரும் ஒரு போலி எஸ்எம்எஸ் கேட்வே இருக்கிறது. அது திணறும்போது விலைப் பக்கம் உடனே திறந்தால்தான் கோட் சர்வருக்குப் போகும்.