போய் நின்றால் சத்தம் வராது

இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வேலையில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. "மெஷினில் சத்தம் வருகிறது, சார்" என்று ஆபரேட்டர் கூப்பிடுவார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், மெஷின் பரம சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது, குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். நம் தலை மறைந்ததும் சத்தம் மறுபடி வரும். இரண்டாவது முறை கூப்பிடுவதற்கு அந்த ஆபரேட்டருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிய வைத்தது என் இடது பாதம்.

அடிபடவில்லை, சுளுக்கவில்லை. ஒருநாள் இரண்டாம் ஷிப்ட் முடியும் நேரத்தில் உள்ளங்காலில் எரிச்சல் தொடங்கியது. சூடான தகட்டின் மேல் நிற்பது போல இருந்தது. சேஃப்டி ஷூவைக் குறை சொன்னேன். மூன்று ஜோடி மாற்றினேன், உள்ளே மெத்தை வைத்தேன். பிறகு சிமென்ட் தரையைக் குறை சொன்னேன். அந்தத் தரையில் என்னோடு நிற்கும் மற்றவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

முதலில் பார்த்த டாக்டர், "காலையில் எழுந்ததும் வைக்கும் முதல் அடி வலிக்கிறதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், அது பொய். காலையில்தான் என் கால் நன்றாக இருக்கும். ஆனால் அவர் கேட்ட விதத்தில், ஆமாம் என்றால் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிடும் என்று தோன்றியது. பெயரும் கிடைத்தது: உள்ளங்கால் சவ்வில் அழற்சி. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் ஒரு முள் வேறு தெரிந்தது. முள் என்றால் குத்தத்தானே செய்யும்? முழுமனதாக நம்பி, நான்கு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி மடக்கினேன்.

இரண்டாவது டாக்டர் இரண்டு பாதங்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது குதிகாலிலும் முள் இருந்தது. இடதைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தக் கால் ஒருநாள்கூட வலித்ததில்லை. வலியே இல்லாத பலருக்கும் இப்படி முள் இருக்கும் என்றார் அவர்.

அதன்பிறகு ரத்தப் பரிசோதனைகள். யூரிக் அமிலம், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, எல்லாமே சரியான அளவில் இருந்தன. நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையும் 'இயல்பு' என்றே வந்தது. நண்பர்கள் வாழ்த்தினார்கள். நான் மட்டும் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஒன்று கோளாறாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். இதைச் சொன்னால் ஆரோக்கியமானவர்கள் சிரிப்பார்கள்.

வேலையிடத்தில் பெயரில்லாத வலிக்கு மரியாதை கிடையாது. அதே சமயத்தில் எங்கள் பிரிவில் ஒருவர் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வந்தார். கேட்காமலே நாற்காலி வந்தது; கட்டின் மேல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் நாற்காலி கேட்டபோது 'நோயின் பெயர்' என்ற கட்டத்தோடு ஒரு படிவம் வந்தது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. படிவம் எடுத்துக்கொள்வதில்லை. 'கால் வலி' என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலாளர் எதிரே வந்தால் நான் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினேன். வலி உண்மை, நொண்டல் பாதி நடிப்பு. அதை ஒருநாள் நானே கவனித்தபோது, வலியைவிட அதுதான் அசிங்கமாக இருந்தது.

அன்று இரவு ஒரு பழைய பதிவேட்டை எடுத்து, மெஷினுக்கு எழுதுவது போலக் காலுக்கு எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதுவரை எவ்வளவு நேரம் நின்றேன், பாதத்தில் எந்த இடம், எரிச்சலா குத்தலா மரமரப்பா, உட்கார்ந்தால் எப்போது தணிகிறது. ஆறு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் நின்றபின் தொடங்குகிறது. குதிகாலைவிட முன்பாதமும் கட்டைவிரலும்தான் எரிகின்றன. இரவில் போர்வை பட்டாலும் பொறுக்கவில்லை. காலையில் எதுவுமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் போன எல்லாச் சோதனைகளும் காலை பத்து மணி வாக்கில், விடுப்பு எடுத்த நாட்களில் நடந்தவை. வரவேற்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆறிப்போன காலைத்தான் ஒவ்வொரு முறையும் நீட்டியிருக்கிறேன். குளிர்ந்து கிடக்கும் மெஷினின் பேரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாகவில்லை என்று எழுதுவதற்கு ஒப்பானது இது.

அடுத்த டாக்டரிடம் மாலையின் கடைசி நேரத்தைக் கேட்டு வாங்கினேன். ஷிப்ட் முடிந்ததும் ஷூவோடு நேராகப் போனேன். அவர் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் விரலால் லேசாகத் தட்டினார். கட்டைவிரல் நுனிவரை மின்னதிர்ச்சி போல ஒன்று ஓடியது. நான் கத்திவிட்டேன். கத்தியபின் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

அந்த இடத்தில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. தசைநாண்கள், ரத்தக் குழாய்கள், உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு எல்லாம் ஒரு பட்டைக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே இடம் குறைந்தால் நசுங்குவது நரம்பு. டார்சல் டனல் என்று பெயர் சொன்னார். உடனே, "இது சந்தேகம்தான். நரம்புச் சோதனை இயல்பாக இருப்பதால் இல்லை என்று தள்ளவும் முடியாது, தட்டினால் அதிர்கிறது என்பதால் உறுதி என்று சொல்லவும் முடியாது" என்றார். முதுகெலும்பில் நரம்பு அழுந்தினாலும் பாதம் எரியலாம் என்று சொல்லி முதுகையும் சோதித்தார். அந்த நரம்புச் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும், சூட்டையும் வலியையும் கடத்தும் மெல்லிய இழைகள் அதில் சிக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். சீட்டில் நோயின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்தக் கேள்விக்குறியைப் போல யோக்கியமான ஒன்றை அதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் நான் பார்த்ததில்லை. படிவத்தின் கட்டத்தில் அதையும் சேர்த்தே எழுதினேன். யாரும் கவனிக்கவில்லை. நாற்காலி வந்தது.

பின்னர் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பாதத்தின் வளைவைத் தாங்கும் அட்டையை ஷூவுக்குள் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காருகிறேன். எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. சில நாட்களில் குறைவதில்லை. கேள்விக்குறி அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஆபரேட்டர் கூப்பிட்டார். போய் நின்றேன், சத்தம் இல்லை. அவர் முகம் சுருங்கியது. "எத்தனை மணி நேரம் ஓடினால் வருகிறது?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகுதான் சார், சரியாகச் சொல்லத் தெரியவில்லை."

ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தம் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.