இருபது வளைவும் ஒன்பது புள்ளி ஆறும்

முதல் முயற்சி ஏழாவது கொண்டை ஊசி வளைவோடு முடிந்தது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மொத்தம் 20 வளைவுகள். முன்னால் போன தம்பி திரும்பி இறங்கி வந்து, "என்னக்கா, மூஞ்சியே வெளுத்துப் போச்சு" என்றான். நான் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் இதயம் அடித்தது. ஒரு குரங்கு என் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. அதைத் துரத்தக்கூடத் தெம்பில்லை.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் கையில் இருந்தது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு என் விரலில் 97 சதவீதம், தம்பி விரலிலும் 97. "உனக்கு ஒண்ணும் இல்லக்கா, பழக்கம் பத்தல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

எனக்கென்னவோ மலைக் காற்றின் மேல்தான் சந்தேகம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500. அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து அளந்தேன். முதலில் 89 என்று காட்டியதும் பகீரென்றது. அப்புறம்தான் விரல் ஐஸாக இருப்பது புரிந்தது. இந்தக் கருவி சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் அனுப்பி, நாடித் துடிப்போடு கூடிக் குறையும் பங்கை மட்டும் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட யோசனை இது. குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் துடிப்பே சரியாகச் சிக்காது. கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்த்தேன்: 95. ஆக, 1,200 மீட்டருக்கு மேல் ஏறியும் போனது வெறும் 2 புள்ளி!

இந்த 2 புள்ளிக்குக் காரணம் தேடித்தான் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குள் நுழைந்தேன். ஒரு மூலக்கூறில் நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு அணு, ஓர் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. நம் ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக நிற்கும் ஆட்டோவில் யாரும் சட்டென்று ஏறமாட்டார்கள். ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் வருவார், மூன்றாமவர் ஓடியே வருவார். இங்கேயும் அதே கதைதான். ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு தன்னைச் சுற்றியுள்ள தட்டையான வளையத்துக்குச் சற்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜன் ஒட்டியதும் உள்ளே இழுபடுகிறது. அந்த இழுப்பு சங்கிலி வழியாகப் பரவி, மற்ற இடங்களும் ஆக்சிஜனை எளிதாகப் பிடிக்கும்படி வடிவம் மாறுகிறது. இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுசொன்ன மேக்ஸ் பெருட்ஸுக்கு 1962-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி முண்டியடித்து ஏறுவதால்தான் நுரையீரலில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் இருக்கைகள் பெரும்பாலும் நிரம்பிவிடுகின்றன. இறங்குவதற்கும் ஏற்பாடு உண்டு. மிதிக்கிற தொடையில் சூடும் கரியமில வாயுவும் அமிலமும் ஏற ஏற, ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து ஆக்சிஜன் இறங்கிவிடும்.

சரி, மலை குற்றவாளி இல்லை. அப்புறம் ஏன் எனக்கு மட்டும் மூச்சு வாங்கியது? ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.6, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 9.6 கிராம். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. தம்பிக்கு 14.8.

அன்று இரவு நோட்டில் போட்ட கணக்கு இது. 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். என்னுடைய 100 மில்லி ரத்தம் வீட்டில் 12.5 மில்லி தூக்குகிறது, ஏரிக்கரையில் 12.2. அவனுக்கும் அங்கே 95 என்று வைத்துக்கொண்டால், தம்பியின் ரத்தம் அதே ஏரிக்கரையில் 18.8. மலை என்னிடமிருந்து எடுத்தது 0.3 மில்லிகூட இல்லை. ஆக்சிமீட்டர் பொய் சொல்லவில்லை. ஓடுகிற ஆட்டோக்களில் எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஸ்டாண்டில் ஆட்டோவே குறைவு என்பதை அது எப்படிச் சொல்லும்?

நடுவில் ஒரு சின்னக் கூத்து. ஆக்சிஜன் ஏறினால் ரத்தத்தின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்க ஆசை. ஞாயிறு காலை கறிக்கடையில் ஆட்டு ரத்தம் கேட்டேன். "பொரியலுக்காக்கா? உப்புப் போட்டுத் தரட்டுமா?" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். உறைந்த கட்டியைத் தட்டில் வைத்துக் குறுக்கே அறுத்தேன். உள்ளே நாவல்பழத் தோல் நிறம். பத்து நிமிஷத்தில் காற்றுப்பட்ட வெட்டுமுகம் பளிச்சென்று செம்பருத்திச் சிவப்புக்கு வந்தது. மறுபடி அறுத்தால் உள்ளே மறுபடி நாவல்பழம். மூன்று முறை அறுத்தேன். அதற்குள் அம்மா வந்து, "விளையாடினது போதும், குடு" என்று தட்டை வாங்கிக்கொண்டு போய் வெங்காயத்தோடு வதக்கிவிட்டார்.

தட்டு போவதற்கு முன்பே காந்தமும் வைத்துப் பார்த்திருந்தேன். வீட்டில் கஞ்சமலையிலிருந்து எடுத்துவந்த கறுப்பு இரும்புத்தாதுக் கல் ஒன்று இருக்கிறது, காந்தத்தில் கப்பென்று ஒட்டும். ரத்தத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெல்ல இழுக்கும் என்றும், ஆக்சிஜன் ஏறியதும் அந்த ஈர்ப்பு போய்விடும் என்றும் 1936-இலேயே பாலிங், கோரியெல் என்ற வேதியியலாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். என் ஃபிரிட்ஜ் காந்தத்துக்கு அந்த யோக்கியதை கிடையாது.

டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாப்பாட்டை ஒட்டி டீ, காபி கூடாது, எலுமிச்சையோ ஆரஞ்சோ நல்லது என்றார். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காபி இரும்பை உடம்பில் அவ்வளவாகச் சேரவிடாது, அதே மலையின் ஆரஞ்சு சேரவைக்கும். காபியை விடுவதுதான் இந்தப் பரிசோதனையிலேயே கஷ்டமான பகுதி. முழுசாக விடவில்லை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தேன்.

ஆறு வாரம் கழித்து 11.4. இன்னும் 12-ஐத் தொடவில்லை. ஆனாலும் போன ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குக் கோரிமேட்டில் கிளம்பினோம். ஏழாவது வளைவில் நிற்கவில்லை. பதின்மூன்றில் ஒருமுறை, பதினேழில் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்தேன். இருபதாவது வளைவு தாண்டியதும் சைக்கிளை மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துவிட்டு, கையைத் தேய்த்து ஆக்சிமீட்டரை மாட்டினேன்.

"எவ்வளவுக்கா?"

"95."

"அன்னிக்கும் அதானே இருந்துச்சு?" என்று கருவியை வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்தான் தம்பி.