மாட்டுக்காரரே கமிட்டியா?

உசிலம்பட்டி டீக்கடையில் காலையிலேயே தேர்தல் ஆணையப் பேச்சு. "1950-லயே தனி அமைப்பாத்தானே தம்பி ஆரம்பிச்சாங்க?" என்றார் பெரியவர். சரிதான், ஆனால் ஆணையரைத் தேர்ந்தெடுப்பது யார்? சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து என்றது உச்ச நீதிமன்றம், 2023 மார்ச்சில். டிசம்பரிலேயே சட்டம் வந்தது. நீதிபதி இடத்தில் ஒன்றிய அமைச்சர். மூன்றில் இரண்டு ஆளும் தரப்பு!

பக்கத்திலிருக்கும் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கான தேர்தல் 1996-லிருந்து 10 வருடம் ஒழுங்காக நடக்கவில்லை. 2006-ல்தான் நடந்தது. (அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை, தெரியும். ஆனாலும் ஞாபகம் வந்துவிட்டது.)

கிளாஸில் மிச்சமிருந்த டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, "அப்ப ஜல்லிக்கட்டுல மாட்டுக்காரரே கமிட்டில உக்காந்த கதையா?" என்றார் பெரியவர். பதில் சொல்வதற்குள் தேனி பஸ் வந்துவிட்டது.