தெர்மாகோலில் ராஜகிரி: செஞ்சிக் கோட்டை மாதிரி, இதுவரை

செஞ்சியின் மூன்று மலைகளையும் ஒரே பலகையில் கொண்டுவரத்தான் ஆசை இருந்தது. ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் இணைக்கும் மதிலே சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிறது. 1:500 அளவில் செய்தால் வீட்டுக் கூடத்தில் நடக்க இடமிருக்காது. அதனால் ராஜகிரியும் அதன் அடிவாரமும் மட்டும் என்று முடிவு செய்தேன்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். என் அளவில் 48 செ.மீ. பன்னிரண்டு மி.மீ. தெர்மாகோல் அட்டை என்றால் நாற்பது அடுக்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து ஒவ்வொரு அடுக்கின் எல்லைக் கோட்டையும் வரைந்தேன். அந்தத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் தருகிறது. செஞ்சிப் பாறையின் செங்குத்தெல்லாம் அதில் மழுங்கி, குவித்துவைத்த நெல் மாதிரி ஆகிவிடுகிறது. எனவே மேல் பாதிக்குப் புகைப்படங்களைத்தான் நம்பினேன்.

அடுக்குகளைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். உருண்டைப் பாறைகளுக்கு மட்டும் கத்தியோ கம்பியோ வேண்டாம். தெர்மாகோலைக் கையால் பிய்த்தால்தான் பாறை முகம் வருகிறது. அதன்மேல் செய்தித்தாள் கூழ், அது காய்ந்ததும் நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு. ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும், தூரிகையும் அக்ரிலிக்கும்தான் சரி. வெறும் சாம்பல் நிறம் அடிக்காதீர்கள். வெயில் பட்ட இடத்தில் இளஞ்சிவப்பு, மழைத் தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்பு என்று மாறி மாறி வர வேண்டும்.

மலைக்கே இவ்வளவு நேரம் போனதால், மதிலுக்கு அதைவிட அதிகம் ஆகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மேலே போகப்போக மதிலுக்கு வேலையே குறைவு. பாறை செங்குத்தாக நிற்கும் இடத்தில் கொத்தனாருக்கு என்ன வேலை? ஆள் ஏறக்கூடிய சரிவையும், இரண்டு பாறைக்கு நடுவே உள்ள இடுக்கையும் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கோட்டையைக் கட்டியதில் முக்கால் பங்கு இயற்கை.

உச்சிக்குக் கீழே ஒரு பிளவு இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். கடக்க ஒரு மரப்பாலம் மட்டும். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு. என் மாதிரியில் அது ஒன்றரை செ.மீ. இடைவெளி. ஐஸ் குச்சியை நீளவாக்கில் பிளந்து பாலம் செய்தேன், எடுத்து எடுத்து வைக்கும்படி.

எந்த ஆண்டின் செஞ்சி என்பதையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புக, சுல்ஃபிகர் கானின் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அந்த 1690களைத்தான் எடுத்துக்கொண்டேன். எட்டு வருடம் தாங்கியதற்குப் பாறை மட்டும் காரணமில்லை. வெளியிலிருந்து மராட்டியர் முகலாயரின் உணவு வழிகளை அறுத்தார்கள். சுல்ஃபிகர் கானே முழு மனதோடு போரிடவில்லை என்ற சந்தேகமும் அப்போதே இருந்தது. இதே கோட்டையை 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1690கள் என்று முடிவானதும், 1714இல் தேசிங்குராஜனை வென்றபின் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கட்டிய மசூதி என் பலகையில் வராது. அழகான கட்டடம், விட மனசில்லை, ஆனாலும் காலம் ஒத்துப்போகவில்லை. வேங்கடரமணர் கோயில் வரும். அதுவும் பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் தூண்களோடு முழுசாக.

இப்போது மலை, மேல் மதில்கள், பாலம், உச்சியில் ரங்கநாதர் கோயில் வரை முடிந்திருக்கிறது. அடுத்தது கல்யாண மகால். நடுவில் மாடி மாடியாக உயரும் கோபுரம், தலையில் கூம்புக் கூரை, சுற்றி முற்றமும் அறைகளும். மாடிகளின் வளைவுகளை அட்டையில் வெட்டினால் ஓரம் பிசிறடிக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிப் பார்க்கப் போகிறேன்.