மூன்றாம் நாள் ராத்திரி

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் மூடியபோது, சரி, இதோடு சித்தப்பா குடியை விட்டுவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலையிலேயே டம்ளர் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம், சட்டை நனையும் வேர்வை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

மூளையின் ரசாயனம் செய்கிற வேலை அது என்று அப்புறம்தான் புரிந்தது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டும், தூண்டிவிடும் குளூட்டமேட்டை அடக்கும். வருடக்கணக்கில் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்ட, காபாவுக்கு மந்தமாகி, குளூட்டமேட் பக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் பிரேக் இல்லாத வண்டிதான். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு குழப்பமும் மாயக்காட்சியும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், தயவுசெய்து டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஆஸ்பத்திரியில் காபாவுக்குக் கைகொடுக்கும் டயசெபாம் கொடுத்து, தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள். சில நாள் கழித்து அவரே டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார்.